கெட்டி டீம்

அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க தம்பி. கபடிதானே ஓடுது? பச்சைச் சட்டைக்காரன் உள்ளே போறான் பாருங்க, கீழே என்னமோ நம்பர் ஓடுதே, அது என்ன? இந்த வருசம் அவன் எடுத்த பாயிண்டா? அம்புட்டா! சரி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எம்புட்டு எடுத்தான்னு போட்டிருக்கான். யாருகிட்ட எடுத்தான்னு போட்டிருக்கானா?

போடல. போட மாட்டான்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்டதுக்குத்தான் தம்பி, சொந்த வீட்டுல எனக்குத் தண்ணிச் சட்னி ஊத்தினாவ. என் மகள் கல்யாணமே இந்தக் கேள்வியில வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. பஸ்சு திருச்செந்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். நீங்க போனை அணைச்சாலும் சரி, அணைக்காட்டாலும் சரி.

நான் கள்ளிவிளை பொன்னுலிங்கம். எங்க ஊர் சுடரொளி கபடிக் குழுவுக்குத் தலைவர். மாலை போட்டு நாற்காலியில உக்கார வச்ச தலைவர் இல்ல, ஆடின தலைவர். பழைய ஆளுகளைக் கேட்டா என்னைப் பத்திச் சொல்லுவாவ. பழைய ஆளுக ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல. அதனால நானே சொல்ல வேண்டியதிருக்கு.

அப்பல்லாம் கபடின்னு சொல்ல மாட்டோம், சடுகுடு. மூச்சு விடாமப் பாடிக்கிட்டே எதிராளி கட்டத்துக்குள்ள போகணும், ஆளைத் தொடணும், பிடிபடாமத் திரும்பி வரணும். அம்புட்டுதான் ஆட்டம். நான் பாட ஆரம்பிச்சா நடுவர் டீக்கடைக்குப் போயி, டீ சொல்லி, ஆத்திக் குடிச்சு, பேப்பர்ல சாவுச் செய்தி வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பி வருவார். நான் பாடிக்கிட்டேதான் இருப்பேன். ஒரு தடவை ஒரு டீமே எம்மேல விழுந்து அமுக்கிட்டு. அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டு நடுக்கோட்டுக்கு வந்தேன். எல்லைக் கம்பும் கூட வந்துட்டு. கம்புல கட்டியிருந்த வெள்ளாடும் வந்துட்டு. சிரிக்காதீங்க. ஆட்டையும் தொட்டதாக் கணக்கு வச்சு நடுவர் ஒரு பாயிண்டு சேர்த்துப் போட்டார்.

யாருகிட்டன்னு கேக்கியளா? அப்படிக் கேளுங்க. அரசாங்க ஊழியர் டீமு. குடியரசு தினத்துக்கு ஆட வந்தாவ. லேசுப்பட்ட ஆளுக இல்ல. அதுல ஒரு சர்வேயர், ரிட்டயர் ஆகப் போற வயசு. அவர் வயிறு மட்டுமே கட்டத்துல ஒரு மூலையை அடைச்சுக்கும். அவரைத் தொட்டுட்டு வர்றது சும்மாவா? "அவரைத் தொடாம வர்றதுதான கஷ்டம்"னு என் வீட்டுக்காரி பிரமு சொல்லுவா. அவளுக்கு ஆட்டம் தெரியாது. பெறவு வெள்ளைக்குளம் டீமு. வண்டி பழுதாகி நாலு பேருதான் வந்து சேர்ந்தாவ. நாலு பேரா இருந்தா என்ன? நாலும் கெட்டி.

ஆட்டக்காரனை எடை போட எங்கிட்ட ஒரே ஒரு படிக்கல்தான் தம்பி. கெட்டி டீமுகிட்ட என்ன செஞ்சான்? சோப்ளாங்கி டீமுகிட்ட யாரும் பாயிண்டு எடுக்கலாம். நீங்க எடுக்கலாம். இந்தக் கண்டக்டர் எடுக்கலாம், பையைக் கழத்தி வச்சுட்டு.

இப்ப உச்சிமாகாளிக்கு வாரேன். எங்க டீமுல பாடிப் போறவன். மின்வாரியத்துல லைன்மேன். எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி கனியம்மா மகன். கம்பத்துல ஏறி ஏறி ரெண்டு காலும் முறுக்குக் கயிறு மாதிரி கிடக்கும். ஊர்ப் பயலுகளுக்கு அவன்னா உசிரு. உள்ளே போனா ரெண்டு பேரைத் தொடாம வெளியே வர மாட்டான்னு பேசிக்கிடுவானுக. நானும் பார்த்திருக்கேன், தொடத்தான் செய்வான். ஆனா எங்க டீமு ஜெயிச்சா, ஜெயிச்சது டீமு. சுடரொளின்னா மாவட்டத்துலயே கெட்டி டீமு. கூட இவனும் நின்னான், அம்புட்டுதான். தோத்தா? தோத்தா இவன் தோத்தான். பாடிப் போனது இவன்தானே, பெறவு யாரைச் சொல்ல?

என் மகள் ஆவுடைச்செல்வி. எங்களுக்குப் பிந்திப் பொறந்த பிள்ளை. பக்கத்து டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். வீட்டுல பேசினாலும் விசில் ஊதுற மாதிரியே இருக்கும். அவளுக்கும் உச்சிமாகாளிக்கும் ஒரு இது இருந்திருக்கு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. தலைவருக்குத் தெரியல. கடைசியில ஒருநாள் தாம்பாளத்துல வெத்திலை, பாக்கு, பழம் எல்லாம் அடுக்கிக்கிட்டுக் கனியம்மா பொண்ணு கேட்டு வந்து நின்னா. பின்னால பையனும், தலையைப் படிய வாரிக்கிட்டு.

முறை சரி. சாதகம் சரி. வேலை சரி. வேற அப்பனா இருந்தா அடுத்தாப்ல சம்பளம் கேப்பான். நான் தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டேன். "பையன் கெட்டி டீமு எதையாவது ஜெயிச்சிருக்கானா?"

கனியம்மாவுக்கு விளங்கல. "யண்ணே, கப்பு வைக்க இடமில்லாம அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கேன். இன்னும் என்ன ஜெயிக்கணும்?"

"கப்பு பானை நிறைய வாங்கலாம்மா. யாருகிட்ட வாங்கினான்? நாளைக்கு எம்மக இவன்கூட வாழப் போறா. வாழ்க்கைங்கிறது சோப்ளாங்கி டீமா?"

நல்லாச் சொன்னேன்ல? அந்த இடத்துல ஒரு கைதட்டு வரும்னு நெனச்சேன். பிரமு எந்திரிச்சு, "வாழ்க்கை எந்த டீமோ தெரியாது, இந்த வீட்டுல எதிர் டீமு நீங்கதான்"னு சொல்லிட்டுக் காப்பி போடப் போயிட்டா.

உச்சிமாகாளி கோபப்படல. அதுதான் எனக்கு எரிச்சல். "சரி மாமா. கெட்டி டீமு எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஜெயிச்சுட்டு வந்து பேசுதேன்"னான்.

"பனையடியூர்"னேன்.

பனையடியூர் டீமுல மூலையில நிக்கிறவன் சின்னத்தம்பின்னு ஒருத்தன். அவன் காலைப் பிடிச்சான்னா, காலை அவன்கிட்டயே விட்டுட்டு நாம வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட பிடி. அடுத்து வந்த போட்டியிலேயே எங்க டீமும் பனையடியூரும் மோதிச்சு. இந்தப் பய, சின்னத்தம்பி பக்கமாவே போயிப் போயி, அவனையே தொட்டுத் தொட்டுத் திரும்பி வந்தான். நமக்குக் கப்பு. கப்போட நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்துட்டான், வேர்வையக்கூடத் துடைக்காம.

"மாமா, பனையடியூர்."

"அது சரிதான்டே. ஆனா சின்னத்தம்பிக்கு மாமியா செத்துட்டா. பதினாறு கழியல. கறி திங்காம வந்து நிக்கான் பாவம். கறி திங்காதவன் பிடி ஒரு பிடியா? பனையடியூர் முன்ன மாதிரி இல்லடே."

உள்ளே இருந்து ஆவுடை வந்தா. "அப்பா, அடுத்தவன் மாமியாரைக் கொன்னாவது என் கல்யாணத்தை நிறுத்தணுமா? அந்த அம்மா இன்னைக்குக் காலையில எங்க ஸ்கூல் வாசல்ல உக்காந்து மாங்காய் வித்துக்கிட்டு இருந்தாவளே!"

"அப்ப செத்தது அவனோட சின்ன மாமியாளா இருக்கும்"னேன். ஒருத்தனுக்கு எத்தனை மாமியான்னு நமக்கென்ன தம்பி தெரியும்?

அதுக்குப் பெறவு வெள்ளைக்குளம்னேன். ஜெயிச்சுட்டு வந்தான். வெள்ளைக்குளம் எந்தக் காலத்துல கெட்டி டீமா இருந்துச்சு? நான் ஜெயிச்ச வெள்ளைக்குளம் வேற. அது அப்பன்மார். இது மகன்மார், பரோட்டா தின்னு வளர்ந்த உடம்பு. அப்புறம் ஒரு காலேஜ் டீமு. பரீட்சைக்கு ராப்பகலாப் படிச்சவனுக்குத் தலை கனத்துக் கிடக்கும், கால் எப்படி எந்திரிக்கும்? அப்படி அவன் ஒவ்வொரு டீமா ஜெயிச்சுட்டு வர வர, மாவட்டத்துல கெட்டி டீமே இல்லாமப் போச்சு. எனக்கே பயம் வந்துட்டு, இப்படிப் போனா நம்ம மாவட்டத்துக் கபடி என்ன ஆகும்னு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. உச்சிமாகாளிகிட்ட தோக்கிற டீமு கெட்டி டீமா இருக்க முடியுமா? கெட்டியா இருந்தா அது ஏன் தோக்கப் போகுது? இதுல என்ன தப்பு இருக்கு? இதைத்தான் வீட்டுல சொன்னேன். ஆவுடை வகுப்பெடுக்கிற மாதிரி சுவர்ல விரலால கோடு போட்டுக் காட்டுதா.

"அவர் தோத்தாத்தான் அது கெட்டி டீமு. அப்படித்தான?"

"ஆமா."

"கெட்டி டீமை ஜெயிச்சாத்தான் கல்யாணம்."

"ஆமா."

"அப்ப அவர் ஒரே ஆட்டத்துல தோத்துக்கிட்டே ஜெயிக்கணும்."

"அப்படி ஆடுறவன்தாம்மா பெரிய ஆட்டக்காரன்"னேன். தாயும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாவ.

மறுநாள் இட்லிக்குச் சட்னி வந்துச்சு பாருங்க, தட்டைக் கொஞ்சம் சாய்ச்சா வாசல் வரைக்கும் ஓடும். "ஏட்டி, என்ன இது? கெட்டியா அரைக்கப்பிடாதா?"

பிரமு சொல்லுதா, "கெட்டியாத்தான் அரைச்சேன். நீங்க இட்லியை முக்குனியள்ல? இட்லி ஜெயிச்சுட்டு. இட்லிகிட்ட தோத்தது எப்படிக் கெட்டிச் சட்னி ஆகும்?"

மதியம் மோருக்கும் இதே நியாயம். குழம்புக்கும் இதே நியாயம். அடுப்படியில நியாயம் பேச நான் போக முடியுமா?

இப்படி இருக்கும்போது எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துட்டு. கொடைக்கு வருசா வருசம் சுடரொளி சார்பா கபடிப் போட்டி நடத்துவோம். ஒரு டீமுக்கு ஒரு வெளியாளை இறக்கிக்கிடலாம்னு விதி போட்டது நான்தான். வெளியூர்க்காரன் வந்தா ஆட்டம் களை கட்டும்னு ஒரு நல்லெண்ணம். விதி போட்டவன் சொந்த ஊர்ப் பயலை நெனச்சுப் போடுவானா?

கடைசி ஆட்டம், சுடரொளிக்கும் பனையடியூருக்கும். பனையடியூர்க்காரனுக மஞ்சள் பனியன் போட்டுக்கிட்டு வரிசையா இறங்கி வாரானுக. முன்னால சின்னத்தம்பி. அவன் பின்னால, மஞ்சள் பனியன்ல, நம்ம உச்சிமாகாளி.

"என்னடே இது சட்டை?"ன்னேன்.

"வெளியாளு மாமா. விதி இருக்குல்லா." குனிஞ்சு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டே கேக்கான், "மாமா, ஒரே ஒரு சந்தேகம். இந்த மாவட்டத்துலயே கெட்டி டீமு எது?"

மைக்குல பேசுறவன் சேர்மதுரைன்னு ஒரு பய. அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. "பார்வையாளப் பெருமக்களே! வெளியூர் வீரர் உச்சிமாகாளி எழுப்பிய வினாவுக்கு மாண்புமிகு தலைவர் அவர்கள் பதிலளிப்பார்!"ன்னு மைக்கைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டான்.

எனக்கு ஒரு பழக்கம் தம்பி. மைக்கு கையில இருக்கும்போது வேற எதுவும் தோணாது. "இதென்ன கேள்வி? சுடரொளிதான்! நேத்தும் கெட்டி, இன்னைக்கும் கெட்டி, நாளைக்கும் கெட்டி!"ன்னேன். எங்க பயலுக ஏழு பேரும் தொடையத் தட்டினானுக. கூட்டம் விசிலடிச்சுது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஆவுடை மட்டும் முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டா. வெயிலுக்குத்தான்னு நெனச்சேன்.

ஆட்டம்னா ஆட்டம். எங்க பயலுகளுக்கு உச்சிமாகாளி எந்தக் காலை முன்னால வைப்பான், எப்ப மூச்சை இழுப்பான், எல்லாம் தெரியும். கூடவே ஆடினவனுகல்லா? மொத ரெண்டு தடவையும் அமுக்கிட்டானுக. கொம்பையான்னு எங்க பய ஒருத்தன், உடும்பு. உச்சிமாகாளி கணுக்காலை அவன் ஒருக்கப் பிடிச்ச பிடியில மேலே பறந்த காக்கா நின்னு பார்த்துச்சு. காக்கா பறந்துக்கிட்டே எப்படி நிக்கும்னு கேக்காதீங்க, நின்னுச்சு. நான் இந்தப் பக்கம் கத்துதேன், "பார்த்தியளா? கெட்டி டீமுன்னா இது! எங்கடே போச்சு உன் பாயிண்டு?" கனியம்மா அந்தப் பக்கம் தலையில கையை வச்சு உக்காந்துட்டா.

ஆட்டம் முடியப் போகுது. நாங்க ஒரு பாயிண்டு கூட. இவன் பாடிக்கிட்டு உள்ளே வாரான். நேரா கொம்பையாகிட்டதான் போறான், வேற யாருகிட்டயும் போகல. கொம்பையா காலைப் பிடிச்சுட்டான். இன்னொருத்தன் இடுப்பைப் பிடிச்சுட்டான். நான் நாற்காலியில இருந்து எந்திரிச்சுட்டேன். ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டே அந்தப் பய மண்ணுல படுத்து, கையை நீட்டி, விரலை நீட்டி, நகத்தை நீட்டி, நடுக்கோட்டைத் தொட்டுட்டான். நகத்துலதான் தொட்டான். ஆனா தொட்டான். நடுவர் ரெண்டு விரலைத் தூக்கிட்டார்.

பனையடியூர்க்காரன் அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுதான். எங்க ஊர்க்கூட்டம் அப்படியே உக்காந்திருக்கு. அப்பத்தான் இந்தச் சேர்மதுரை, படுபாவிப் பய, மைக்கை ஒருக்கத் தட்டிப் பார்த்துக்கிட்டான்.

"பெருமக்களே! நமது தலைவரிடம் சிறு விளக்கம் ஒன்று தேவைப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை மாவட்டத்திலேயே கெட்டி அணியாக இருந்த சுடரொளி, இப்போதும் கெட்டி அணிதானா? அல்லது நமது வீரர்கள் எவருக்கேனும் மாமியார் தவறிவிட்டாரா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுட்டு. நான் எங்கே நிக்கேன்னு பாருங்க. கெட்டி டீமுன்னு சொன்னா, இந்தப் பய கெட்டி டீமை ஜெயிச்சுட்டான், தாம்பாளம் திரும்பி வந்துரும். கெட்டி டீமு இல்லன்னு சொன்னா? கொம்பையா ஆத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு முன்னால வந்து நிக்கா. "எம்மவனை எவன் சோப்ளாங்கின்னு சொல்லுதான்னு பாக்கேன்"ங்கா. அவளுக்குப் பின்னால மத்த ஆறு ஆத்தாமாரும். உச்சிமாகாளி தோள்ல இருந்து இறங்கி என்னையே பார்த்துக்கிட்டு நிக்கான். அப்பத்தான் மொத தடவையா அந்தப் பய முகத்துல சிரிப்பு இல்ல. ஆவுடையும் எந்திரிச்சு நின்னுட்டா. அவளும் சிரிக்கல. வாயைத் திறந்தா ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் ஊரு.

வேற எவனா இருந்தாலும் அந்த இடத்துல மாட்டியிருப்பான். எனக்கு மின்னல் மாதிரி ஒரு வாதம் வந்துட்டு தம்பி. மைக்கை வாங்கினேன்.

"சுடரொளி கெட்டி டீமுதான்! அதுல மாத்தம் இல்ல! ஆனா இன்னைக்கு ஆடினது முழுச் சுடரொளியா? உச்சிமாகாளி எங்கே? அந்தப் பக்கம்லா நின்னான்! அவன் இல்லாத சுடரொளி எப்படிவே கெட்டி டீமாகும்? முதுகெலும்பை உருவி எதிராளிகிட்ட குடுத்துட்டு, நிமிந்து நில்லுன்னா உடம்பு நிக்குமா? இத்தனை வருசமா நாம வாங்கின கப்பெல்லாம் யாராலே வந்துச்சு? அவனாலே வந்துச்சு! அவன் எந்தப் பக்கம் நிக்கானோ அந்தப் பக்கம்தான் கெட்டி! ஆகையினாலே, அவன் இன்னும் கெட்டி டீமை ஜெயிக்கவே இல்ல!"

கூட்டத்துல எந்திரிச்சுச்சு பாருங்க ஒரு சத்தம், கொட்டகைக் கூரையில இருந்த புறா எல்லாம் வெள்ளைக்குளத்துக்குப் போயிட்டு. அம்புட்டு பேரும் கைதட்டுதான். என் வாதம் அப்பேர்ப்பட்ட வாதம். கொம்பையா ஆத்தா சேலையை இறக்கி விட்டுட்டா. கொம்பையாவே கைதட்டுதான்.

ஆவுடை ஓடி வந்தா. "அப்பா, கடைசியில சொன்னது வேண்டாம். நடுவுல சொன்னதை மட்டும் இன்னொருக்கச் சொல்லுங்க. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலையாம்."

பின்னால இருக்கவங்களுக்கும் கேக்கணும்ல? இன்னும் சத்தமாச் சொன்னேன். "அவன் எந்தப் பக்கம் நிக்கானோ அந்தப் பக்கம்தான் கெட்டி!" சேர்மதுரை அதைத் தன் வாயால மூணு தடவை அறிவிச்சான். கனியம்மா சேலை தடுக்க வீட்டுக்கு ஓடுதா, தாம்பாளம் எடுக்க. இந்தப் பய வந்து, மண்ணு அப்பின உடம்போட என் கால்ல விழுதான்.

"இது போதும் மாமா."

"எது போதும்டே? நீ இன்னும் ஜெயிக்கலன்னுல்லா சொல்லுதேன்!"

"சரி மாமா"ங்கான். சிரிக்கான்.

கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துலயே முடிஞ்சுட்டு. நான் சம்மதம்னு சொல்லவே இல்ல தம்பி. யாரும் கேக்கவும் இல்ல. தாலி கட்டுற நேரம் பெரியவங்க "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"னு கத்துதாவ. மண்டபத்துல இருந்த பயலுக பூராப் பேரும் அட்சதையைக் கையில வச்சுக்கிட்டு என்னைத்தான் பாக்கான். "தலைவரே, மேளம் கெட்டிதானா? யாருக்கு எதிரா வாசிச்சவரு?"ன்னு ஒருத்தன் கேட்டான். கேள்வி நியாயமான கேள்வி. நான் நேரா தவில்காரர்கிட்ட போயி, பெரிய வித்துவான் யாருகூடவாவது மோதி வாசிச்சிருக்கியளான்னு விசாரிச்சேன். அவர் வாயால பதில் சொல்லல. தவிலை என் காதுப் பக்கமாத் திருப்பி வச்சு ஒரு அடி அடிச்சார். அதுல தாலி கட்டினதை நான் சரியாப் பாக்கல.

ஊர்ல எல்லாரும் நான் தோத்துட்டதாப் பேசுதாவ. நீங்க வெளியாளு, நீங்களே சொல்லுங்க. மைக்குல கடைசி வார்த்தை யாரோடது? என்னோடது. ஆவுடை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாளா? பேசல. வாயைப் பொத்திக்கிட்டு நின்னா, தோள் மட்டும் குலுங்கிச்சு. பேசப் பழகின நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு வாதத்துலயும் தோக்காத பிள்ளை அது. சும்மா சொல்லக் கூடாது தம்பி, என் ஆயுசுல நான் ஜெயிச்சதுலயே கெட்டி டீமு அவதான்.